உற்பத்தி நின்றும் ஓடும் தண்ணீர்: உணவு, பான ஆலைகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

தண்ணீர்ச் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பல ஆலைகளில் முதலில் நடப்பது, கண்ணில் படும் வால்வுகளையெல்லாம் கால் சுற்று மூடி வைப்பது. இரண்டு வாரம் கணக்கு நன்றாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் பாட்டிலில் காஸ்டிக் (கழுவப் பயன்படும் காரக் கரைசல்) கலந்திருக்கிறது என்று புகார் வரும். யாரோ ஒருவர் வால்வை முன்பைவிட அதிகமாகத் திறந்துவிடுவார். அதோடு அந்த முயற்சி முடிந்துவிடும்.

பழச்சாறு, பால், குளிர்பான லைன்களின் ஓரத்தில் பல ஆண்டுகள் நின்று பார்த்ததில் நான் உறுதியாக நம்புவது இது: தேவைக்கு மேல் ஓடும் தண்ணீருக்குப் பின்னால் பெரும்பாலும் சரி செய்யாமல் விட்ட ஒரு கோளாறு இருக்கிறது. அல்லது எப்போதோ நடந்து முடிந்த கோளாறைப் பற்றிய பயம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்காமல் வால்வைத் திருகுவதில் பயன் இல்லை. அதனால்தான் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். உங்கள் ஆலையில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

## எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

1 லிட்டர் பொருள் தயாரிக்க எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தை எல்லோரும் கணக்கிடுகிறார்கள். பீர் ஆலைகளில் இது 4 முதல் 7 வரை இருப்பது வழக்கம், நன்றாக நடத்தப்படும் ஆலைகள் 3-க்கும் கீழே கொண்டுவந்திருக்கின்றன. குளிர்பான ஆலைகளில் 2-ஐ ஒட்டி வந்தால் நல்ல நிலை. ஆனால் அடுத்த ஆலையோடு ஒப்பிடுவதைவிட உங்கள் ஆலையின் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுவது அதிகம் சொல்லித் தரும்.

30 நாள் கணக்கை எடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி: கிடையாக உற்பத்தி, செங்குத்தாகத் தண்ணீர். புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். உதாரணமாக, 100 கன மீட்டர் தயாரித்த நாளில் 350 கன மீட்டர் தண்ணீரும், 200 தயாரித்த நாளில் 500-ம் செலவாகியிருந்தால், கூடுதலான ஒவ்வொரு கன மீட்டர் பானத்துக்கும் 1.5 கன மீட்டர்தான் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டை உற்பத்தி பூஜ்யம் வரை நீட்டினால் 200-இல் வந்து நிற்கும். அதாவது ஒரு பாட்டில்கூட நிரப்பாத நாளிலும் 200 கன மீட்டர் போகும்.

இந்த 200 பெரிதாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள். அது சிறிதாகவும் கோடு செங்குத்தாகவும் இருந்தால், சிக்கல் லைனிலும் கழுவும் முறையிலும் இருக்கிறது. புள்ளிகள் கோட்டை ஒட்டாமல் சிதறிக் கிடந்தால், ஒரே வேலைக்கு ஒவ்வொரு ஷிஃப்டும் ஒவ்வொரு அளவு தண்ணீர் விடுகிறது என்று சந்தேகப்படலாம். பொருள் மாற்றங்கள் அதிகமான நாட்கள் மட்டும் மேலே தனியாக நின்றால் உற்பத்தி வரிசையைப் பாருங்கள். வெளிர் நிறம், மென்மையான சுவை முதலில், அடர்ந்த நிறமும் கடுமையான சுவையும் பிறகு என்று அடுக்கினால் நடுவில் முழுக் கழுவல் தேவைப்படும் இடங்கள் குறையும். ஒவ்வாமை உண்டாக்கும் பொருள் எதுவும் அந்த வரிசையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, முழுக் கழுவல்தான்.

## உற்பத்தி நின்ற பிறகும் மீட்டர் ஓடுகிறது

லைன் எல்லாம் நின்று, கழுவலும் முடிந்த ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதன்மை மீட்டரைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் தொட்டி எதுவும் நிரம்பிக்கொண்டிருக்கக் கூடாது, அந்த மட்டங்களையும் எழுதி வையுங்கள்.

மீட்டர் நகர்ந்தால் கிளைகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். மூடும்போது எங்கே மீட்டர் வேகம் குறைகிறதோ அந்தக் கிளைதான். தீயணைப்புக் குழாயையும், ஓய்விலும் குளிர்விக்க வேண்டிய இயந்திரங்களையும் தொடாதீர்கள், அவற்றுக்குத் தனி மீட்டர் வைப்பதே வழி.

சிறு கசிவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 4 பார் அழுத்தம் உள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் துளை இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் போகும். ஒரு நாளில் அது 10,000 லிட்டர். அழுத்தத்தை 2 பாருக்குக் குறைத்தால் அதே துளையில் போவது 30 சதவீதம் குறையும். அதனால் இரவில் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும் ஒரு மருந்துதான், துளையை அடைக்கும் வரைக்கும்.

கசிவு எப்போதும் தரையில் தெரியாது. நான் அதிகமாகப் பார்த்தது மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு சரியாக அடைக்காமல், வழிந்த தண்ணீர் நேராகக் கால்வாய்க்குப் போகும் குழாயில் இறங்குவது. அந்தக் குழாயின் வாய் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கும். வழிவுக் குழாய் ஒவ்வொன்றையும் திறந்த வாயாக, நடந்து போகிறவர் பார்க்கும் உயரத்தில் மாற்றி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது பம்ப் சீல் தண்ணீர். இரட்டை மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் ஓரம் கசியாமல் அடைக்கும் பகுதி) உள்ள பம்புகளுக்குக் குளிர்விக்கச் சிறிதளவு தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். பம்ப் நின்றாலும் அது நிற்காது, ஏனென்றால் கை வால்வு மட்டும்தான் வைத்திருப்பார்கள். 20 பம்புகள், ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 86,000 லிட்டருக்கு மேல். பம்ப் மோட்டாரோடு சேர்ந்து திறந்து மூடும் ஒரு சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும்) வால்வு, அளவைக் காட்டும் ஒரு சிறு ரோட்டாமீட்டர், இரண்டும் போதும். சீல் தயாரித்தவர் எத்தனை லிட்டர் கேட்கிறார் என்று கையேட்டில் பாருங்கள். அதற்குக் கீழே போனால் சீல் கருகும்.

நீர்வளைய வேக்குவம் பம்புகளையும் இதே நடையில் பார்த்துவிடுங்கள். ஒருமுறை ஓடி வெளியேறும் தண்ணீரில் வேலை செய்பவை அவை. ஒரு சிறு தொட்டியும் வெப்பமாற்றியும் வைத்துச் சுழலவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆலையின் முதன்மை மீட்டர் குழாயின் அளவுக்குத் தகுந்ததாக இல்லாமல் மிகப் பெரியதாக இருந்தால், மெதுவான ஓட்டத்தை அது பதிவே செய்யாது. மீட்டர் நிற்கிறது, ஆனாலும் சந்தேகம் என்றால், உள்வரவை மூடிவிட்டுத் தொட்டியின் மட்டம் இறங்குகிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள்.

## கடைசிக் கழுவல் முடியவே மாட்டேன் என்கிறது

சி.ஐ.பி. எனப்படும், இயந்திரத்தைப் பிரிக்காமலே உள்ளே கழுவும் முறையில்தான் பான, பால் ஆலைகளின் தண்ணீரில் பெரும் பங்கு போகிறது. முன்கழுவல், காஸ்டிக், இடைக்கழுவல், அமிலம், கடைசிக் கழுவல் என்று வரிசை. எங்கே நீள்கிறது என்று பார்க்க முதலில் ஒரு கணக்கு.

உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள குழாய் 100 மீட்டர் நீளம் என்றால் அதன் கொள்ளளவு 196 லிட்டர். நன்றாகத் துலக்க வேண்டிய 1.5 மீட்டர்/நொடி வேகத்தில் நிமிடத்துக்கு 177 லிட்டர் போகும். அதாவது உள்ளே இருப்பதை ஒருமுறை வெளியே தள்ள ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். ஓரங்களில் ஒட்டியிருப்பது, வளைவுகள் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொள்ளலாம். டைமரில் 10 நிமிடம் இருந்தால் ஒன்பது மடங்கு தண்ணீர் ஓடுகிறது.

இங்கே டைமரை உடனே குறைத்துவிடாதீர்கள். திரும்பி வரும் குழாயில் உள்ள மின்கடத்துத்திறன் சென்சாரின் வரைபடத்தை எடுங்கள். காஸ்டிக் கரைசலும் அமிலமும் தண்ணீரைவிடப் பல மடங்கு மின்சாரத்தைக் கடத்தும், அதனால் கழுவலின் முழுக் கதையும் அந்தக் கோட்டில் இருக்கிறது. நான் மூன்று வடிவங்களைத் தேடுவேன்.

கோடு செங்குத்தாக விழுந்து, நல்ல தண்ணீரின் அளவைத் தொட்டு, அப்புறம் நெடுநேரம் தட்டையாக ஓடினால் லைன் நன்றாக இருக்கிறது, டைமர்தான் நீளம். தட்டையான பகுதி முழுக்க வீண். நேரத்தை வைத்து முடிப்பதை விட்டுவிட்டு, கடத்துத்திறன் உள்வரும் தண்ணீரின் அளவுக்கு வந்து குறிப்பிட்ட நொடிகள் அங்கேயே நின்றால் முடி என்று நிரலை மாற்றச் சொல்லுங்கள்.

கோடு சட்டென்று பாதி விழுந்து, பிறகு நீண்ட வாலாக மெல்ல இறங்கினால், எங்கோ காஸ்டிக்கோ அமிலமோ தேங்கி நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறது. தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, ஓட்டம் போகாத குருட்டுக் கிளைகள்: பயன்படுத்தாத டீ இணைப்பு, நீட்டி வைத்த மானிக் குழாய், பழைய வால்வின் முட்டு. முதன்மைக் குழாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்ட முட்டுகள் சந்தேகத்துக்குரியவை. இரண்டு, தொட்டியின் அடியில் நிற்கும் குட்டை. திரும்ப உறிஞ்சும் பம்ப் போதாவிட்டால், மேலே தெளிக்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் குட்டையை நீர்க்கவைக்கவே செலவாகும். தொட்டிகளுக்கு 5 நிமிடம் தொடர்ந்து தெளிப்பதைவிட 30 நொடி தெளித்து, முழுக்க வடியவிட்டு, மறுபடி தெளிப்பது நல்லது. இப்படி மூன்று தவணை கொடுத்துப் பாருங்கள். வடியும் இடைவெளியில்தான் வேலை நடக்கிறது. தெளிப்புப் பந்தின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பதும் இதே நேரத்தில் ஆகட்டும்.

கோடு இறங்கி, நல்ல தண்ணீரின் அளவுக்கு வராமல் மேலேயே நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று. முதல் காரணம் சென்சார், அதில் படிவம் இருக்கிறது, அல்லது வெப்பத் திருத்தம் தவறு: கடத்துத்திறன் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 2 சதவீதம் மாறும், சூடான குழாயில் குளிர்ந்த தண்ணீரின் அளவை எதிர்பார்த்தால் அது வராது. இரண்டாவது காரணம் காஸ்டிக் வால்வின் இருக்கை தேய்ந்து, மூடியிருக்கும்போதும் சொட்டுவது. எது என்று அறிய, திரும்பும் தண்ணீரைக் கையுறையோடு ஒரு குவளையில் பிடித்துக் கைக்கருவியால் அளந்துவிடுங்கள். கைக்கருவி நல்ல அளவைக் காட்டினால் சென்சார் குற்றவாளி. அதுவும் உயர்வாகக் காட்டினால் வால்வு. இந்த நிலையில் கழுவும் நேரத்தைக் குறைப்பது ஆபத்து, அன்றே வால்வைக் கழற்றுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பழச்சாறு ஆலையில் கடைசிக் கழுவல் 18 நிமிடம். வரைபடம் நான்காவது நிமிடமே தட்டையாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஓய்வுபெற இருந்த ஒரு ஆபரேட்டருக்கு மட்டும் காரணம் நினைவிருந்தது: பல ஆண்டுகளுக்கு முன்பு காஸ்டிக் வால்வு கசிந்து ஒரு பேட்ச் முழுவதும் கொட்ட வேண்டியதாயிற்றாம். அன்று இரவே யாரோ 6-ஐ 18 ஆக்கியிருக்கிறார்கள். வால்வைப் பிறகு மாற்றிவிட்டார்கள். எண்ணை மாற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குடிக்கிறவரின் பாதுகாப்பை நினைத்துத்தான் அவர் அதைச் செய்தார். ஆனால் 18-க்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்திருந்தால் அத்தனை ஆண்டுத் தண்ணீர் போயிருக்காது.

கடைசிக் கழுவலில் வரும் தண்ணீர் ஏறக்குறைய சுத்தமானது. அதை ஒரு தொட்டியில் பிடித்து அடுத்த முன்கழுவலுக்கு விடுவது எளிய, நிரூபிக்கப்பட்ட வழி. தொட்டியில் நாள்கணக்கில் தேங்கவிட்டால் நுண்ணுயிர் பெருகி வாடை வரும், தினமும் காலி செய்து அதையும் கழுவும் வரிசையில் சேர்க்க வேண்டும்.

முன்கழுவலுக்கு முன்பு குழாயில் இருக்கும் பொருளைக் காற்றாலோ, ரப்பர் அடைப்பைக் குழாய்க்குள் ஓட்டியோ தள்ளி எடுத்துவிட்டால் கழுவ வேண்டியதே குறையும், பொருளும் கைக்கு வரும்.

தண்ணீரைச் சேமிக்கத் தொடவே கூடாதவை: கிருமிநீக்கக் கரைசல் படிந்திருக்க வேண்டிய நேரம், அதன் செறிவு, குழாயில் ஓட்ட வேகம். வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் மிச்சமானது போலத் தோன்றும், உள்சுவரில் படிவம் தங்கும், பிறகு இரண்டு முறை கழுவ வேண்டிவரும்.

## லைன் நின்றாலும் பாட்டில் கழுவும் முனைகள் நிற்பதில்லை

பாட்டிலை நிரப்பும் ஃபில்லருக்கு முன்னால் நின்று பாருங்கள். கன்வேயர் நிற்கிறது, பாட்டில் இல்லை, ஆனால் முனைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. பாட்டிலைப் பார்க்கும் ஒளிச் சென்சாரின் கண்ணாடியில் சிரப் துளி காய்ந்திருந்தால் அதற்கு எப்போதும் பாட்டில் இருப்பதாகத் தோன்றும், துடைத்தால் சரியாகும். சென்சார் இல்லாமலே தண்ணீர் வரும்படி யாரோ கம்பி போட்டு அதைத் தாண்டியிருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் சோலனாய்டு வால்வு திறக்கத் தாமதித்து முதல் சில பாட்டில்கள் கழுவாமல் போயிருக்கும். வால்வின் உட்பகுதியைச் சுத்தம் செய்த பிறகே தாண்டலை எடுங்கள்.

முனைகள் தேயும். ஒரு முனைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று குடுவையில் பிடித்து, புதிய முனையோடு ஒப்பிடுங்கள். துளையின் விட்டம் 10 சதவீதம் பெரிதானால் ஓட்டம் 21 சதவீதம் கூடும்.

திரும்பி வரும் கண்ணாடி பாட்டில்களைக் கழுவும் இயந்திரத்தில் புதிய தண்ணீர் கடைசித் தெளிப்பில் மட்டுமே நுழைய வேண்டும். அங்கிருந்து வழிவது அதற்கு முந்தைய தொட்டிக்கு, அதிலிருந்து அதற்கும் முந்தையதற்கு என்று எதிர்த்திசையில் வர வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே புதிய தண்ணீர்க் குழாய் திறந்திருந்தால், இடையில் ஏதோ ஒரு வழிவுக் குழாய் லேபிள் கூழால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காய்கறி, பழம் அலசும் தொட்டி வரிசைக்கும் இதுவே.

டனல் பாஸ்சரைசர் (நிரப்பிய பாட்டில்கள் மேல் சூடான தண்ணீர் தெளித்துக் கிருமி நீக்கும் இயந்திரம்) வழிந்துகொண்டே இருந்தால் லைனில் விழும் இடைவெளிகளைப் பாருங்கள். உள்ளே வரும் குளிர்ந்த பாட்டிலும் வெளியே போகும் சூடான பாட்டிலும் தங்கள் வெப்பத்தைத் தண்ணீர் வழியே பரிமாறிக்கொள்கின்றன. வரிசை நடுவில் அறுந்தால் அந்தச் சமநிலை கெடும். இயந்திரம் ஒரு பக்கம் நீராவியையும் மறுபக்கம் குளிர்ந்த தண்ணீரையும் சேர்க்கும், மிஞ்சியது வழியும். மருந்து பாஸ்சரைசரில் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் அடிக்கடி நிற்கும் இயந்திரத்தில் இருக்கிறது. வழிவதைப் பிடித்து வைக்க ஒரு இடைத்தொட்டியும் உதவும்.

## தரை எந்நேரமும் ஈரம்

ஹோஸை 20 லிட்டர் வாளியில் விட்டு நொடிகளை எண்ணுங்கள். 30 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2,400 லிட்டர். இப்போது தரையில் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்கள் எத்தனை என்று பாருங்கள். கையை எடுத்தால் நிற்கும் துப்பாக்கி முனை ஒவ்வொன்றிலும் வேண்டும். அந்த முனைகள் மாயமாகின்றன என்றால் அவை உடைவதாலோ, கையை வலிக்க வைப்பதாலோ தான், உறுதியான வேறு வகையை ஆபரேட்டர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஹோஸைத் துடைப்பமாகப் பயன்படுத்துவது உண்மையான சிக்கல். சிந்தியதை முதலில் ரப்பர் வழிப்பானால் தள்ளி அள்ளி எடுத்து, மீதியை மட்டும் கழுவ வேண்டும். கழுவி முடிக்கும் வரை கால்வாய்ச் சல்லடைக் கூடையை யாரும் தூக்கிவிடக் கூடாது. உயர் அழுத்தத் தண்ணீர் குறைவாகச் செலவாகும் என்று எல்லா இடத்திலும் அதை வாங்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை: கால்வாயில் அடித்தால் தெறிக்கும் நுண்துளிகள் லிஸ்டீரியா போன்ற கிருமிகளைச் சுத்தமான இயந்திரத்தின் மேல் கொண்டு சேர்க்கும். திறந்த உணவு இருக்கும் இடத்தில் நடுத்தர அழுத்தம் போதும்.

## கூலிங் டவர் கேட்கும் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது

முதலில், எவ்வளவு கேட்பது நியாயம்? இயந்திரங்களைக் குளிர்வித்துச் சூடாகி வரும் தண்ணீர் டவரில் 10 டிகிரி குளிர்ந்தால் சுழலும் அளவில் சுமார் 1.7 சதவீதம் ஆவியாகும். மணிக்கு 100 கன மீட்டர் சுழன்றால் ஆவியாவது 1.7 கன மீட்டர். இதோடு உப்புச் செறிவைக் கட்டுப்படுத்த வெளியேற்றும் தண்ணீரும் சேரும். சுழலும் தண்ணீரின் கடத்துத்திறனை உள்ளே வரும் தண்ணீரின் கடத்துத்திறனால் வகுத்தால் செறிவுச் சுற்று கிடைக்கும். அது 2 என்றால் வெளியேற்றுவதும் 1.7, மொத்தம் 3.4. அதே டவரை 5-இல் ஓட்டினால் வெளியேற்றம் சுமார் 0.4, மொத்தம் 2.1 மட்டுமே. 5-க்குப் பிறகு லாபம் மிகவும் குறைந்துவிடும், உப்பு படியும் ஆபத்து மட்டும் ஏறும். தண்ணீரின் கடினத்தன்மையும் சிலிக்காவும் எவ்வளவு இடம் தருகின்றன என்று பார்த்தே அந்த எண்ணை வையுங்கள்.

மீட்டர் காட்டுவது இந்தக் கணக்கைவிட அதிகமாகவும், செறிவுச் சுற்று குறைவாகவும் இருந்தால் எங்கோ கணக்கில் வராத தண்ணீர் வெளியேறுகிறது. பம்ப் நிற்கும் கணத்தில் டவரின் அடியில் நின்று பாருங்கள். குழாய்களிலுள்ள தண்ணீர் எல்லாம் தொட்டிக்கு இறங்கி வழிந்தால் மிதவை மிக உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அவ்வளவும் போகும், மறுபடி ஓட்டும்போது புதிதாக நிரம்பும். மிதவையை இறக்கினால் அந்த இழப்பு நிற்கும். வெளியேற்றும் வால்வு கையால் எப்போதும் சற்றே திறந்து வைக்கப்பட்டிருந்தால், கடத்துத்திறன் பார்த்துத் திறக்கும் தானியங்கி வால்வாக மாற்றுங்கள். செறிவை உயர்த்தும்போது லெஜியோனெல்லா (டவர் தண்ணீரில் வளர்ந்து நுரையீரல் நோய் தரும் கிருமி) கட்டுப்பாட்டு மருந்தளவையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும், இது விட்டுவிடக் கூடாத வேலை.

## பாய்லர் தொட்டி வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது

பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டும் தீவனத் தொட்டியில் கை வைக்க முடிகிறது என்றால் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து மீண்டும் தண்ணீரானது) போதுமான அளவு திரும்பி வரவில்லை. நீராவி விட்டுச் சூடாக்காத தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர் போதும்: புதுத் தண்ணீர் 25 டிகிரி, கண்டென்சேட் 90 டிகிரி, தொட்டி 50 டிகிரி என்றால் திரும்புவது 38 சதவீதம் மட்டுமே.

எங்கே போகிறது? சில இடங்களில் டிராப் (நீராவியைத் தடுத்துக் கண்டென்சேட்டை மட்டும் விடும் வால்வு) பழுதாகி வெளியே விடுகிறார்கள். ஆனால் உணவு ஆலைகளில் முக்கியக் காரணம் பயம்: எப்போதோ ஒரு வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்து, சர்க்கரையோ பாலோ பாய்லருக்குள் போய் நுரைத்திருக்கும். அன்றிலிருந்து அந்தக் கிளையின் கண்டென்சேட் முழுவதும் கால்வாய்க்கு. திரும்பும் குழாயில் மாசைக் காட்டும் சென்சாரும், மாசு வந்தால் மட்டும் வெளியே திருப்பும் வால்வும் வைத்து அதை மீட்கலாம். பாலுக்குக் கடத்துத்திறனே காட்டிக் கொடுக்கும். சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது, சர்க்கரைக் கரைசல் ஓடும் லைனில் அந்தச் சென்சாரை நம்பினால் ஏமாற்றம்தான்.

கண்டென்சேட் திரும்பினால் பாய்லரிலிருந்து வெளியேற்ற வேண்டிய தண்ணீரும் குறையும். தீவனத் தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம், பாய்லரில் அனுமதி 3,000 என்றால் வெளியேற்றம் நீராவி அளவில் 7 சதவீதம். பாதுகாப்புக்கு என்று 1,500-இலேயே ஓட்டினால் அது 15 சதவீதம், அத்தனையும் சூடாக்கிய தண்ணீர்.

## ஆர்.ஓ. கழிவு அதிகம், சாஃப்ட்னர் அடிக்கடி கழுவுகிறது

75 சதவீத மீட்பில் 4 லிட்டர் உள்ளே போனால் 3 லிட்டர் நல்ல தண்ணீர். அதே 3 லிட்டருக்கு 5 லிட்டர் தேவைப்பட்டால் மீட்பு 60-க்கு இறங்கிவிட்டது. கழிவு வால்வை யாராவது திறந்துவிட்டார்களா, நேரம் வைத்து அலசும் வால்வு ஒட்டிக்கொண்டு திறந்தே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகுதான் தண்ணீரை வடிக்கும் சவ்வை. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சவ்வின் உற்பத்தி சுமார் 3 சதவீதம் குறைவது இயல்பு, அதைச் சவ்வுக் கோளாறு என்று எண்ணி மருந்து போட்டுக் கழுவ வேண்டாம்.

சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) தன்னை நாள் கணக்கில் புதுப்பிக்கிறதா, கடந்த தண்ணீரின் அளவு பார்த்தா? மணல் வடிகட்டியைக் கடிகாரம் பார்த்துக் கழுவுகிறார்களா, அழுத்த வேறுபாடு பார்த்தா? இரண்டிலும் இரண்டாவது பதில்தான் வேண்டும்.

ஆர்.ஓ. கழிவைக் கழிப்பறைக்கும், பெட்டிகளின் முதல் அலசலுக்கும், வெளித் தரைக்கும் விடலாம். உணவைத் தொடும் இடத்தில் எந்த மறுபயன் தண்ணீரையும் விடுவதற்கு முன், எந்த வேலைக்கு எந்தத் தரம் என்று ஆபத்து மதிப்பீடு செய்து எழுதி வைக்க வேண்டும். உணவு உற்பத்தியில் தண்ணீரின் பாதுகாப்பான பயன், மறுபயன் பற்றி கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) 2023-இல் ஏற்ற வழிகாட்டுதலின் அடிப்படையும் இந்த ‘வேலைக்குத் தகுந்த தரம்’தான். குழாய்களுக்கு வேறு நிறம், வேறு இணைப்பு கட்டாயம். நல்ல தண்ணீரோடு நேரடித் தொடர்பு எங்கும் கூடாது, இடையில் காற்று இடைவெளி வேண்டும்.

## தண்ணீர் குறைந்தது, கழிவுநீர் நிலையம் திணறுகிறது

இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சிந்திய பொருள் அதே அளவு, அதை நீர்க்கவைக்கும் தண்ணீர் மட்டும் பாதி என்றால் செறிவு இரண்டு மடங்காகும். மொத்தச் சுமை கூடவில்லை, ஆனால் லிட்டர் கணக்கில் எழுதப்பட்ட வரம்புகள் மீறப்பட்டது போலத் தெரியும். சமன்படுத்தும் தொட்டி சிறியதாக இருந்தால் காஸ்டிக் ஒரே வீச்சாகப் போய், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைத் தாக்கும்.

தண்ணீரைத் திரும்பத் திறக்காதீர்கள். செறிவோடு நாள் மொத்தச் சுமையையும் கிலோவில் கணக்கிட்டு இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். கெட்டியானதைத் தனியே பிடியுங்கள்: முழுப் பால் ஒரு லிட்டருக்குச் சுமார் 1,00,000 மில்லிகிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கொண்டது, ஒரு வாளிப் பாலைக் கால்வாயில் போகாமல் தடுப்பது பல ஆயிரம் லிட்டர் வீட்டுக் கழிவுநீருக்குச் சமமான சுமையை எடுத்துவிடும். கழிவுநீர் நிலையப் பொறுப்பாளரை முதல் நாளிலிருந்தே கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

## மூன்று மாதம் கழித்துப் பழைய கணக்குக்கே வந்துவிட்டது

வரைபடக் கோட்டை மறுபடி போடுங்கள். கோட்டின் தொடக்கப் புள்ளி ஏறியிருந்தால் புதிய கசிவு. சாய்வு ஏறியிருந்தால் யாரோ ஒரு அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். நிரலின் மாற்றப் பதிவைத் திறந்து எந்த எண், எந்த ஷிஃப்டில் என்று பாருங்கள். மாற்றியவரிடம் ஏன் செய்தீர்கள் என்று கேட்காமல், அன்று என்ன கோளாறு வந்தது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும். பெரும்பாலும் அது ஒரு ஒட்டிய வால்வாகவோ, அழுக்கு படிந்த சென்சாராகவோ இருக்கும்.

அதைச் சரி செய்து எண்ணைத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு பேனலின் கதவுக்குள்ளும் ஒரு தாள் ஒட்டுங்கள்: அமைப்பின் பெயர், எண், அந்த எண் ஏன், தற்காலிகமாக மாற்றினால் எந்தக் கோளாறுக்காக, எந்தத் தேதியில் திரும்ப வைக்க வேண்டும், யார் வைப்பார். அப்புறம் மாதம் ஒருமுறை அந்த ஒரு மணி நேர மீட்டர் சோதனை, அதே நேரத்தில், அதே ஆள்.